ஜெயராம் ஆவது எப்படி

எங்கள் வட்டாரத்தில் ஒரு சொல் புழங்குகிறது. மயிலாப்பூர் டீக்கடையிலும் கேட்கலாம், அடையாறு பஸ் ஸ்டாப்பிலும் கேட்கலாம். "அவன் ஜெயராம் ஆயிட்டான் மச்சி" என்பார்கள். பிளாஸ்டிக் ஒழிப்பு என்று தெருத்தெருவாகத் துணிப்பை விநியோகித்த பெரிய மனுஷர் கேரி பேக்கில் மீன் வாங்கிக்கொண்டு வந்தால் அவர் ஜெயராம் ஆகிவிட்டார். பிள்ளைகளைத் தமிழ்வழியில்தான் படிக்க வைப்பேன் என்று முழங்கியவர் கான்வென்ட் வாசலில் விடியற்காலையில் வரிசையில் நின்றால் அவரும் ஜெயராம் ஆகிவிட்டார்.

ஆனால் ஒன்று. கொள்கையை விட்டவன் எல்லாம் ஜெயராம் இல்லை. பயந்துபோய் விட்டவன் கோழை, பாவம். காசுக்காக விட்டவன் களவாணிப் பயல், அவனுக்கு வேறு சொற்கள் இருக்கின்றன. கொள்கையை விட்டுவிட்டு, விட்டதற்கு அருமையான காரணமும் சொல்லி, சொல்லும்போது பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறானே, அவன்தான் ஜெயராம். இதில் லேசான ஜெயராம், முழு ஜெயராம் என்று படிகளும் உண்டு.

உனக்கெப்படி இவ்வளவு தெரியும் என்று கேட்பீர்கள். அந்தச் சொல்லைப் பெற்றுப் போட்டவளே நான்தான். அந்த ஜெயராமைக் கட்டிக்கொண்டு மந்தைவெளியில் குப்பை கொட்டுகிறவளும் நான்தான்.

என் அப்பா சுயம்புலிங்கம் தி. நகரில் நகைக்கடை வைத்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். எனக்குப் பெயர் வைக்கும்போதுகூட மனுஷர் தங்கத்தை விடவில்லை, ஸ்வர்ணலதா என்று வைத்தார். தொட்டிலில் கிடக்கும்போதே எனக்கு நகை சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். கல்யாணம் என்று வந்தால் என்னை நடமாடும் ஷோகேஸ் ஆக்கி மேடையில் நிறுத்துவார்கள் என்பது எனக்குப் பாவாடை கட்டுகிற வயதிலேயே தெரியும். நினைத்தாலே எரிச்சல் எரிச்சலாக வரும்.

அப்படி இருக்கும்போதுதான் மயிலாப்பூரில் கல்லூரிப் பேச்சுப் போட்டி ஒன்று நடந்தது. ஜெயராம் மேடை ஏறினார். கதர்ச் சட்டை, ஒட்டின கன்னம், குரல் மட்டும் கணீரென்று இருந்தது. அவரும் அவருடைய சிநேகிதர்கள் ஹபீபுர் ரஹ்மானும் சண்முகவடிவும் சேர்ந்து 'எளிய மணம்' என்று ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். நகை கூடாது, மண்டபம் கூடாது, மேளதாளம் கூடாது.

"ரெண்டு மாலை, ஒரு சாட்சி. கல்யாணத்துக்கு வேற என்னங்க வேணும்?" என்று ஜெயராம் கேட்டதும் கூட்டம் முழுக்கக் கைதட்டியது. நான் தட்டவில்லை. கட்டினால் இவனைத்தான் கட்டுவது என்று முடிவு பண்ணுகிற வேலை எனக்கு இருந்தது.

அதிர்ஷ்டம், அவர்களும் தெற்கத்திக் குடும்பம். அவர் அப்பாவுக்குப் பாண்டி பஜார் பக்கம் பாத்திரக்கடை. ஜாதகம் பொருந்திவிட்டது. "மாப்பிள்ளைப் பையன் நகையே வேண்டாம்னு சொல்லுதானாமே!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா அசரவில்லை.

"கடைக்கு வரச் சொல்லு. நான் பேசிக்கிடுதேன்" என்றார்.

என் அப்பாவின் தொழில் ரகசியத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். ரங்கநாதன் தெருவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த விற்பனைப் பையனுக்குக்கூட இது தெரியும். கடைக்கு வருகிறவரிடம் "வளையல் வேணுமா?" என்று கேட்கவே கூடாது. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். "பட்டை வளையலா, நெளி வளையலா?" என்று கேட்க வேண்டும். மனுஷ நாக்குக்கு இரண்டில் ஒன்றை எடுத்துத்தான் பழக்கம். எடுத்துவிடும்.

ஜெயராம் கடைக்கு வந்தார். சோடா குடித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு கொள்கையை ஆரம்பிக்க வாயைத் திறந்தார். அப்பா முந்திக்கொண்டார்.

"மாப்ள, அழைப்புக்குக் குதிர வெள்ளையா இருக்கட்டுமா, செவலையா இருக்கட்டுமா?"

ஜெயராம் கொஞ்சம் யோசித்தார்.

"வெள்ளை" என்றார்.

முடிந்தது கதை. வெள்ளைக் குதிரை என்றால் சாரட்டு வண்டி வேண்டும். சாரட்டு என்றால் கோட்டு சூட்டு வேண்டும். கோட்டு சூட்டுப் போட்டவன் முன்னால் பேண்டு வாத்தியம் இல்லாமல் எப்படி? மாப்பிள்ளை அழைப்பன்று கழுத்தை நிமிர்த்த முடியாத நகையோடு மண்டபத்து மாடி ஜன்னலில் நின்றுகொண்டு பார்த்தேன். என் லட்சிய புருஷன் இரண்டு வெள்ளைக் குதிரைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, தெருவுக்கெல்லாம் கையசைத்துக்கொண்டு வந்தான். எனக்கு அழுகையா ஆத்திரமா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

மறுநாள் மணவறையில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். "ரெண்டு மாலைன்னீங்களே?" என்று காதோரம் கேட்டேன்.

"பெரியவங்க மனசு நோகக்கூடாது இல்ல லதா? கொள்கைன்றது உள்ள இருந்தா போதும்" என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் மறக்கவில்லை.

"நல்லா ஜெயராம் ஆயிட்டீங்க" என்றேன். கெட்டிமேளம் நின்ற நேரம். மேடையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டுவிட்டது. பின்னால் நின்றிருந்த ஹபீபும் சண்முகவடிவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அந்த இரண்டு பேரும் சும்மா இருக்கிற ஜென்மங்கள் இல்லை. மக்கள் கதையைத் தவிர வேறு படத்தைத் தொடமாட்டேன் என்றிருந்த ஹபீப், கோடம்பாக்கத்தில் எடிட்டராகி, மாமியார் பேயாக வருகிற சீரியலை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தான். என் கணவரின் பெயரை ஸ்டூடியோ முழுக்கப் பரப்பியதோடு, ஒரு சீரியல் வசனத்திலேயே நுழைத்துவிட்டான். குடிசைவாசிகளுக்கு மட்டும்தான் வாதாடுவேன் என்றிருந்த சண்முகவடிவு, பில்டர் ஒருவருக்கு வக்கீலாகி, கொட்டிவாக்கத்தில் கடல் தெரிகிற ஃபிளாட்டில் இருக்கிறாள். அவள் கோர்ட்டில் பரப்பினாள். இரண்டு பேரும் யார் கொள்கையை விட்டாலும் ஜெயராம் என்பார்கள். தாங்கள் விட்டதற்கும் அவர் பெயர்தான். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி!

இப்படியே முப்பது வருஷம் ஓடியது. சொல் எங்கிருந்து வந்தது என்பதை ஊர் மறந்துவிட்டது. எங்கள் ஒரே மகள் அனுவுக்கும் தெரியாது. ஏதோ பழைய சீரியல் வில்லன் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கும் அதே பெயராகப் போய்விட்டதே என்று அவர்மேல் அவளுக்குப் பரிதாபம் வேறு.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அனு தோசையைப் பிய்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். கூட வேலை செய்கிற அஸ்வினைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறாளாம்.

"வடபழனி கோயில். ரெண்டு மாலை. முடிஞ்சதும் மெஸ்ல எல்லாருக்கும் இட்லி, பொங்கல். அவ்ளோதான்ப்பா. நகை, மண்டபம், பேண்டு, ஒண்ணும் கிடையாது. நடுவுல யாராவது ஜெயராம் ஆனீங்க... சாரிப்பா, உங்களச் சொல்லல... நானும் அஸ்வினும் ரிஜிஸ்டர் ஆபீஸ் போயிட்டு வாட்ஸப்ல போட்டோ அனுப்பிடுவோம். விளையாட்டுக்குச் சொல்லல."

ஜெயராமுக்குப் புரை ஏறிவிட்டது. நான் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன். அவள் எழுந்து போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"லதா, அந்த வார்த்தை நான்தான்னு அவளுக்குத் தெரியவே கூடாது. இந்தக் கல்யாணத்த அவ கேட்ட மாதிரியே நடத்திக் காட்டறேன். என் பொண்ணு முன்னாடியாவது நான் ஜெயராம் ஆகாம இருக்கணும்."

சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. அதனால்தான் நம்பினேன். இருந்தாலும் முழுசாக நம்ப நான் என்ன பைத்தியமா? குதிரையைப் பார்த்தவள்.

சோதனை உடனே ஆரம்பித்தது. அவருடைய அக்கா போன் போட்டாள். "ஏன்டா, சாப்பாடு இலை போட்டா, பஃபேயா?" ஜெயராம் "இலை..." என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, "ரெண்டும் இல்லக்கா" என்றார். வியர்த்துவிட்டது மனுஷருக்கு. மறுநாளிலிருந்து குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று பயிற்சி. "போட்டோ ஆல்பம் சின்னதா பெருசா? ரெண்டும் இல்லங்க. பன்னீர் சொம்பு வெள்ளியா பித்தளையா? ரெண்டும் இல்லங்க." வெளியே நின்று கேட்டுக்கொண்டு நான் வாயைப் பொத்திச் சிரித்தேன்.

புடவை எடுக்க தி. நகர் போனோம். அனு பருத்திப் புடவை போதும் என்றிருந்தாள். கடைக்காரப் பையன் கில்லாடி. நாங்கள் உட்காரும் முன்பே பட்டை விரித்துவிட்டான். "சார், மாம்பழக் கலர்ல பாக்கறீங்களா, அரக்குல பாக்கறீங்களா?"

ஜெயராமின் கை அரக்குப் பக்கம் தானாகப் போனதை நான் பார்த்தேன். நான் வாயைத் திறக்கவில்லை. இழுத்துப் பிடித்தால் அது என் கொள்கையாகிவிடும். கை பாதி வழியில் நின்றது. அவர் அதை மற்றக் கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டும் இல்லப்பா. காட்டன் எந்த மாடி?"

எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் தட்டாமல் விட்ட கைதட்டல் பாக்கி இருந்தது அல்லவா?

இந்தச் சேதி ஹபீபுக்கும் சண்முகவடிவுக்கும் எட்டியதும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். விசாரணைக் கமிஷன்தான்.

"மெய்யாலுமே பேண்டு இல்லியா?" என்றான் ஹபீப்.

"இல்ல."

"ஒரு சின்ன ரிசப்ஷனாவது?" என்றாள் சண்முகவடிவு.

"இல்ல வடிவு."

இரண்டு பேர் முகமும் தொங்கிப் போய்விட்டது. நான் போட்ட ஃபில்டர் காபியை ஹபீப் பாதியில் வைத்துவிட்டான். அவன் என் காபியைப் பாதியில் வைத்து நான் பார்த்ததே இல்லை. வாசலில் செருப்பு மாட்டிக்கொள்ளும்போது, "இவன் திருந்திட்டா நாம யாரச் சொல்லிக்கினு காலம் தள்றது?" என்று சண்முகவடிவிடம் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. கிண்டல் என்று விட்டுவிட்டேன். அங்கேதான் ஏமாந்தேன்.

முகூர்த்த நாள். வடபழனி கோயில் வாசலில் திரும்பின பக்கமெல்லாம் மணப்பெண்கள். ஜெயராம் நாலு முழ வேட்டியில், செருப்புகூட இல்லாமல், மயிலாப்பூரில் அவரே போய் வாங்கின இரண்டு மாலைகளை வாழையிலைப் பொதியோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு நின்றார். அனு மஞ்சள் பருத்திப் புடவையில் அவ்வளவு அழகாக இருந்தாள். அஸ்வின் வீட்டார் வந்துவிட்டார்கள். ஹபீபும் சண்முகவடிவும் ஒரு ஓரமாக ரொம்ப நல்ல பிள்ளைகளாக நின்றார்கள். இன்னும் கொஞ்ச நேரம், மனுஷர் கரையேறிவிடுவார் என்று நான் முருகனுக்கு நன்றிகூடச் சொல்லிவிட்டேன்.

அப்போது தெருமுனையில் டிரம்ஸ் சத்தம் கேட்டது.

வேறு யாரோ கல்யாணம் என்று நினைத்தோம். பேண்டுக்காரர்கள் வந்தார்கள். பின்னாலேயே சாரட்டு வண்டி வந்தது. இரண்டு குதிரை. இரண்டும் வெள்ளை. நேராக எங்கள் முன்னால் வந்து நின்றது. வண்டிக்காரர் குனிந்து, "அனு பாப்பா கல்யாணம் இதானே? குப்பன் வந்துகீறேன்" என்றார்.

அனுவின் முகம் சிவந்துவிட்டது.

"அப்பா, இன்னாதுப்பா இது?"

"அனு, நான் இல்லம்மா..."

"கடைசி நிமிஷத்துல ஜெயராம் ஆயிட்டீங்களேப்பா! அஸ்வின், வண்டிய எடு. ரிஜிஸ்டர் ஆபீஸ் போலாம்."

"சத்தியமா எனக்குத் தெரியாதுடா கண்ணு!"

சண்முகவடிவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அவன் புதுசா வேற ஆகணுமா அனு? அந்த வார்த்தையே உங்கப்பாதான்! உங்கம்மா கல்யாணத்துல வெள்ளக் குதிர பூட்டின சாரட்டுல வந்தான் பாரு, அன்னிக்குப் பொறந்த வார்த்த!" என்று போட்டு உடைத்துவிட்டாள்.

அனு அப்பாவைப் பார்த்தாள். ஒரு அடி பின்னால் போய் அஸ்வின் பக்கம் நின்றுகொண்டாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

நானும் கோபத்தோடுதான் அவர் பக்கம் திரும்பினேன். "மறுபடியுமா?" என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தேன். பல் தெரியவில்லை. காரணம் எதுவும் தயாராக இல்லை. டிக்கெட் எடுத்திருந்தும் பரிசோதகரிடம் காட்ட முடியாமல் சட்டைப் பையைத் துழாவுகிறவன் முகம் அது. மாலைப் பொதியை இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல் முறையாக இந்த மனுஷர் நிரபராதியாக நிற்கிறார், அதை நம்ப ஒரு நாதி இல்லை. அந்தப் பக்கம் ஹபீப் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோடம்பாக்கத்தில் ஷூட்டிங்குக்குக் குதிரை விடுகிற ஆள் யாருக்குப் பழக்கம் என்று எனக்கா தெரியாது?

ஜெயராமும் ஹபீபைப் பார்த்துவிட்டார். கையை நீட்டியிருந்தால் தப்பித்திருக்கலாம். நீட்டவில்லை. சிநேகிதனைக் கோயில் வாசலில், அத்தனை பேர் முன்னால் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. மடையா, இங்கேயா நல்லவனாக இருப்பாய் என்று எனக்கு நெஞ்சு பொங்கியது.

"குதிரைய வரச் சொன்னது நான்" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"இல்லக்கா, புக் பண்ணது பாயி..." என்று ஆரம்பித்தார் குப்பன்.

"பாய்கிட்ட சொன்னது யாரு? நான்தான். நீங்க சும்மா குதிரையப் பிடிங்க." புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகினேன். "அன்னிக்கு இவர் மட்டும் ஜோரா ஊர்கோலம் வந்தாரு. என்னை மாடி ஜன்னல்ல நிக்க வச்சிட்டாங்க. முப்பது வருஷமா எனக்கு வயித்தெரிச்சல். நான் போகணும் ஒருவாட்டி. என்ன இப்போ?"

சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்துவிட்டேன். சிவப்பு வெல்வெட் மெத்தை. பொய் சொல்ல மாட்டேன், சுகமாகத்தான் இருந்தது.

அனு வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். அஸ்வின் சிரித்தான், அவனுடைய அம்மா சிரித்தாள்.

"அம்மா! நீயாம்மா? நகை, ஊர்கோலம்னாலே மூஞ்சியச் சுளிப்பியே! நீ ஸ்வர்ணலதா ஆயிட்டியேம்மா!"

"ஆயிட்டுப் போறேன்" என்றேன்.

அனு அப்பாவிடம் போய் அவர் கையிலிருந்த பொதியை வாங்கிக்கொண்டாள். "சாரிப்பா. உள்ள வாங்க. இறங்கி வாம்மா, தாலி கட்டறதப் பாத்துட்டு அப்புறம் ஊர்கோலம் போ."

கல்யாணம் நடந்தது. இரண்டு மாலை, சுற்றிச் சாட்சிகள். பக்கத்துக் கல்யாணத்து நாதஸ்வரம் எங்களுக்கும் சேர்த்து ஓசியில் வாசித்தது. ஜெயராம் தூணோரம் நின்று அழுதார். ஹபீபும் அழுதான். சண்முகவடிவு மூக்கை உறிஞ்சிவிட்டு, ஜலதோஷம் என்றாள்.

வெளியே வந்தால் குப்பன் காத்துக்கொண்டிருந்தார். "இம்மாந் தூரம் வந்துட்டு வண்டி காலியா போவாதுக்கா." மெஸ் நாலு தெரு தள்ளி இருந்தது. மற்றவர்கள் பேசிக்கொண்டே நடக்க ஆரம்பித்தார்கள். நான் மறுபடி ஏறிக்கொண்டேன். பழியைத்தான் சுமந்தாகிவிட்டது, பலனையும் அனுபவிப்போமே.

ஜெயராம் சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "ஏன் லதா பழிய நீ எடுத்துக்கின?" என்று மெல்லக் கேட்டார்.

நான் சுயம்புலிங்கத்தின் மகள். நகர்ந்து உட்கார்ந்து, இரண்டு பக்கமும் மெத்தையைத் தட்டிக் காட்டினேன்.

"வெறுங்கால்ல வெயில்ல நடக்கணுமா? வாங்க. இடது பக்கம் உக்கார்றீங்களா, வலது பக்கமா?"

அவர் இடது பக்கத்தைப் பார்த்தார். வலது பக்கத்தைப் பார்த்தார். குதிரைகளைப் பார்த்தார். அப்படியே என் முகத்தையும் பார்த்தார்.

"நடந்து வர்றேன்" என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வண்டி கிளம்பியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தார் சூட்டுக்குக் கால் மாற்றிக் கால் மாற்றி, சாரட்டுக்குப் பக்கத்தில் அந்த மனுஷர் வந்துகொண்டிருந்தார். நான் அன்றைக்கு மேடையில் பார்த்துக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டது இவரைத்தான்.

"குப்பா, மெதுவா ஓட்டுங்க" என்றேன். "வீட்டுக்காரர் கூட வர்றாரு."